தலைவரம்மாவின் கையெழுத்து

(உள்ளாட்சி நாளையொட்டி மகளிர் கல்லூரி ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உள்ளாட்சி என்று பேச்செடுத்தாலே நம் மேடைகளில் உத்திரமேரூர் வந்துவிடும். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. முப்பது குடும்புகள் என்ற ஊர்ப் பிரிவுகள், பெயர் எழுதிய ஓலையைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை, வாரியங்கள் என்ற குழுக்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே தேர்தல் நடத்தியவர்கள் நாம் என்று பெருமைப்படுகிறோம். பெருமைப்படத்தான் வேண்டும். கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் வாரியத்துக்கு வரக்கூடாது என்று கல்லில் வெட்டி வைத்த ஊர் அது. ஆனால் அதே கல்வெட்டை முழுவதும் படித்துப் பாருங்கள். குடத்தில் பெயர் விழ வேண்டுமானால் வரி செலுத்தும் கால் வேலி நிலமாவது இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். 35 வயதுக்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை. நிலத்தை உழுதவருக்கும் அங்கே இடமில்லை, பெண்ணுக்கும் இடமில்லை. ஊராட்சியின் மூத்த வரலாறு நம்முடையது என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

அந்தக் குடத்தில் பெண்ணின் பெயர் விழுந்தது நேற்று முன்தினம். உங்கள் அம்மாக்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில்.

பெண்ணுக்கு வாக்குரிமை கொடுப்பதில் சென்னை மாகாணம் முந்திக்கொண்டது. 1921-லேயே கொடுத்தது, சொத்துள்ள பெண்களுக்கு மட்டும் என்றாலும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1926-இல் மாகாணச் சட்டமன்றத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டே அதன் துணைத் தலைவரானார். 1950-களில் தாரா செரியன் சென்னையின் மேயராக இருந்தார். மேலே இப்படி ஒருவர், இருவர். கிராமத்தில்? 1957-இல் பல்வந்த்ராய் மேத்தா குழு, ஊராட்சியில் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. தேர்ந்தெடுக்கப்படும் பெண்கள் அல்ல. ஆண் உறுப்பினர்கள் பார்த்துச் சேர்த்துக்கொள்ளும் பெண்கள். யாரைச் சேர்ப்பார்கள்? எதிர்க்கேள்வி கேட்காதவரைத்தான். அண்டை மாநிலமான கர்நாடகம் 1983-இல் சட்டம் இயற்றி, 1987 தேர்தலில் நான்கில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. அந்த அனுபவமும் சேர்ந்துதான் அரசமைப்பின் 73-ஆவது திருத்தம் வந்தது. 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறை. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு; பட்டியல் சாதி, பழங்குடி ஒதுக்கீட்டுக்குள்ளும் அதே பங்கு; உறுப்பினர் இடத்தில் மட்டுமல்லாமல் தலைவர் பதவியிலும். இந்தக் கடைசிப் பகுதிதான் நம் ஊர்களை உலுக்கியது. 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1996-இல் முதல் தேர்தல். 2016-இல் மூன்றில் ஒன்று பாதியானது.

இன்று நாடு முழுவதும் ஊராட்சி அமைப்புகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் 14 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெண்கள். இதை எத்தனை மேடையில் வேண்டுமானாலும் சொல்லலாம். அவர்களில் ஒரு பெண் தலைவராகி அலுவலகத்துக்குள் நுழைந்தபின் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்தேன்.

மூன்று ஊர்களைச் சொல்கிறேன்.

திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்து. 2006-இல் அங்கே ஊராட்சித் தலைவராக வென்றவர் கிருஷ்ணவேணி, தலித் பெண். ஊருக்கு வேலை செய்தார். பெண்களுக்குக் கழிப்பறை கட்ட முனைந்தார். பதவிக்காலம் முடிய சில மாதங்களே இருந்த நிலையில், 2011 ஜூனில், ஆட்டோவில் வீடு திரும்பிக்கொண்டிருந்தவரை வழிமறித்து உடலெங்கும் வெட்டினார்கள். அவர் பிழைத்தது மருத்துவர்களாலும் அவருடைய மனவுறுதியாலும்தான்.

திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம். 2020 ஆகஸ்ட் 15. நாடெங்கும் கொடி ஏறுகிறது. பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியானபின் மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து, ஐந்து நாள் கழித்து அவரைக் கொடியேற்ற வைத்தார். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒரு தலைவர் ஒரு கயிற்றை இழுக்க ஆட்சியரும் காவல்துறையும் துணைக்கு வரவேண்டியிருந்தது.

கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை. அதே ஆண்டு அக்டோபர். ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலித் பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்கும் படம் வெளியானது. உங்களில் பலர் அப்போது பள்ளிச் சிறுமிகள், கைபேசியில் பார்த்திருப்பீர்கள். துணைத் தலைவர் மீது வழக்கு, ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் என்று நடவடிக்கை வந்தது. படம் வெளியான பிறகு வந்தது.

இவை மூன்றிலும் சாதியும் பெண் என்பதும் பின்னிக் கிடக்கின்றன. எது சாதிக் கொடுமை, எது பெண்ணுக்கு இழைத்த கொடுமை என்று பிரித்துப் பார்க்க முயல்வது வீண்வேலை. தலித் பெண் தலைவர் மீது இரண்டும் ஒன்றாகவே இறங்குகின்றன. "நேத்து வரைக்கும் நம்ம காட்டுல களை எடுத்தவ, இன்னைக்கு நம்ம வீட்டுக்குத் தண்ணி வரி போடுறாளா?" என்ற கேள்வியில் இரண்டும் இருக்கின்றன.

தெற்குத்திட்டையில் நாம் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவர் பதவிக்கு இல்லை. அவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒதுக்கீடு வந்ததால் தலைவர் பதவிக்கு நிற்க முடியாமல் போன ஊர்ப் பெரிய குடும்பத்துக்காரர் என்ன செய்கிறார்? வார்டு உறுப்பினராக நிற்கிறார். நான்கு உறுப்பினர்களைச் சேர்த்துக்கொண்டு துணைத் தலைவராகிறார். நம் சட்டப்படி ஊராட்சிப் பணத்துக்கான காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். அவர் கையெழுத்துப் போடவில்லையென்றால் டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம் இல்லை, தெருவிளக்குக்குப் பல்பு இல்லை, மோட்டார் பழுதானால் சரிசெய்யப் பணம் இல்லை. "அந்தம்மா வந்ததிலிருந்து ஊருக்கு ஒண்ணும் நடக்கல" என்று தேநீர்க் கடையில் பேசுவதற்குக் காரணம் தயாராகிவிடுகிறது. கூட்டுக் கையெழுத்து என்பது ஊழலைத் தடுக்க வைத்த ஏற்பாடு. பல ஊர்களில் அது தலைவரைப் பணிய வைக்கும் ஏற்பாடாகிவிட்டது.

இப்போது பணப்பரிமாற்றம் இணையத்துக்கு மாறியிருக்கிறது. மின்னணுக் கையொப்பம் வந்திருக்கிறது. அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கையொப்பச் சாவி யார் மேசையில், யாருடைய பையில் இருக்கிறது என்று உங்கள் ஊரில் விசாரித்துப் பாருங்கள். விடை பெரும்பாலும் தலைவரம்மாவின் கைப்பையாக இருக்காது.

அடுத்து, எல்லோரும் பேசும் விவகாரம்: பெண் தலைவருக்குப் பதிலாகக் கணவர் ஆள்வது. யூனியன் ஆபீசுக்குப் போகிறவர் அவர். கான்ட்ராக்டரிடம் பேசுகிறவர் அவர். பி.டி.ஓ. அழைப்பதும் அவர் எண்ணைத்தான். சுவரொட்டியில் தலைவரம்மாவின் படத்தைவிடப் பெரிதாக அவர் படம். வடமாநிலங்களிலும் இதே கதை. அங்கே இதற்கென்று தனிப் பட்டப்பெயரே புழங்குகிறது. 2023-இல் இது உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒன்றிய ஊராட்சி அமைச்சகம் ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு, பெண்ணின் பெயரில் ஆண் ஆள்வது நிரூபணமானால் கடும் தண்டனை வேண்டும் என்று பரிந்துரைத்தது.

தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் யாரைத் தண்டிப்பது? பெண்ணின் பதவியைப் பறித்தால் அடிபட்டவரையே மறுபடி அடிப்பதாகும். கணவர் வந்து உட்கார்ந்ததும் எழுந்து நின்று தேநீர் வரவழைத்த அலுவலரை அல்லவா முதலில் கேட்க வேண்டும்? தலைவர் எங்கே என்று கேட்காமல் கோப்பை அவரிடம் நீட்டியவர் யார்? தீர்மானப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, "அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க" என்ற செயலர் யார்? கணவர் ஆட்சி வீட்டுக்குள் மட்டும் உருவாவதில்லை. அரசு அலுவலகத்தில், அரசுச் சம்பளம் வாங்குபவரின் மேசைக்கு முன்னால்தான் அது ஒவ்வொரு நாளும் அங்கீகாரம் பெறுகிறது. தலைவரைத் தவிர வேறு யாரிடமும் ஊராட்சிக் கோப்பைப் பற்றிப் பேசக்கூடாது என்று விதி வைத்து, அதை மீறும் அலுவலருக்கு ஒரு குறிப்பாணை கொடுத்துப் பாருங்கள். ஆறே மாதத்தில் பாதிக் கணவர்கள் வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணவரோடு வரும் தலைவரைப் பார்த்து நகைக்கும் நாம், அவர் ஏன் தனியாக வரமுடியவில்லை என்று கேட்பதில்லை. யூனியன் ஆபீஸ் இருபது கிலோமீட்டரில் இருக்கும். மாலைக் கூட்டம் முடிந்தால் கடைசிப் பேருந்து போயிருக்கும். பல அலுவலகங்களில் பெண்ணுக்குக் கழிப்பறை இருக்காது. தலைவருக்கு மாத மதிப்பூதியம் 1,000 ரூபாயாக இருந்து 2,000 ஆனது. 2025-26-இல் நூறுநாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அதாவது ஊராட்சித் தலைவரின் ஒரு மாத மதிப்பூதியம் ஆறு நாள் கூலிக்கு ஈடாகாது. நிலமும் வண்டியும் உள்ள குடும்பத்துப் பெண்தான், அதுவும் குடும்பம் செலவு செய்தால்தான், பதவியில் ஓடியாட முடியும். செலவு செய்பவர் அதிகாரத்தையும் கேட்பார். கூலி வேலை செய்யும் பெண் தலைவரானால் கூலியை விடுவதா, பதவியை விடுவதா என்ற நிலை. பதவியைக் கண்ணியமாக நடத்தப் போதுமான ஊதியம் கொடுப்பதை ஏன் செலவு என்று நினைக்கிறோம்? அதுதான் அந்தப் பெண்ணைக் கணவரின் பணத்திலிருந்தும் கமிஷனிலிருந்தும் ஒருசேர விடுவிக்கும்.

இத்தனைக்குப் பிறகும் பெண்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஆய்வாளர்கள் எஸ்தர் டுஃப்லோவும் ராகவேந்திர சட்டோபாத்யாயும் மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்திலும் ராஜஸ்தானின் உதய்ப்பூரிலும் செய்த ஆய்வு 2004-இல் வெளியானது. எந்த ஊராட்சி பெண்ணுக்கு ஒதுக்கப்படும் என்பது அங்கே யாருடைய விருப்பத்தையும் சாராமல் அமைந்ததால், பெண் தலைவர் உள்ள ஊரையும் இல்லாத ஊரையும் நியாயமாக ஒப்பிட முடிந்தது. பெண் தலைமை தாங்கிய ஊர்களில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிட்டிருந்தார்கள். ஊர்ப் பெண்கள் அதிகம் முறையிட்டதும் குடிநீருக்காகத்தான். குடத்தைத் தூக்கியவருக்குக் குழாயின் அருமை தெரியும். அந்தத் தலைவர்களிலும் பலர் அதிகம் படிக்காதவர்கள், முதல்முறை வந்தவர்கள், கணவரின் துணையோடு வந்தவர்கள். அப்படியிருந்தும் ஊராட்சிப் பணம் போகும் திசை மாறியது.

மேற்கு வங்கத்திலேயே தொடர்ந்து நடந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. ஒருமுறை மட்டும் பெண் தலைவரைப் பார்த்த ஊரில் மக்களின் மனம் அதிகம் மாறவில்லை. இருமுறை பெண் தலைமையில் இருந்த ஊர்களில்தான் பெண்கள் துணிந்து நின்றார்கள், கூடுதலாக வென்றார்கள். அங்கே பெற்றோர் தங்கள் மகள்களுக்கு வைக்கும் எதிர்பார்ப்பும் உயர்ந்திருந்தது. ஆகவே காலம் வேண்டும். முதல் ஓராண்டு தீர்மானம் எழுதக் கற்பதிலும், எந்தத் திட்டத்துக்கு எந்தத் தலைப்பில் பணம் என்று புரிந்துகொள்வதிலும் போகும். பிடிபடும் நேரத்தில் பதவிக்காலம் முடியும். சுழற்சியில் அந்த ஊராட்சி பொதுவாகிவிட்டால், "ஒதுக்கீடுதான் போயிடுச்சே, இனி உனக்கென்ன?" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பொது இடம் என்றால் ஆணின் இடம் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. நம் கட்சிகளின் மனத்தில் எழுதியிருக்கிறது.

கட்சிகளைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டில் பூட்டும் சாவியும் ஆட்டோவும்தான் இருக்கும். அதனால்தான் அங்கே சாதாரணப் பெண்களும் வென்றார்கள். துப்புரவுப் பணி செய்தவர் தலைவரானார். 2021-இல் தொண்ணூறு வயதில் ஒரு பாட்டி திருநெல்வேலி மாவட்டம் சிவந்திபட்டியில் வென்றார். சின்னம் தேவைப்படும் படிக்கு வந்தவுடன் கதை மாறுகிறது. ஒதுக்கீடு இருக்கும்வரை பெண்ணை நிறுத்துகிறார்கள். 2022-இல் 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவிகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. சென்னைக்கு முதல் தலித் பெண் மேயர் கிடைத்தார். ஒதுக்கீடு இல்லாத சட்டமன்றத்துக்கு 2021-இல் 234 பேரில் எத்தனை பெண்கள் போனார்கள் தெரியுமா? 12. பெண் வாக்காளர்கள் ஆண்களைவிட அதிகமாக உள்ள மாநிலத்தில் 12. ஐந்தாண்டு, பத்தாண்டு ஊராட்சியை நடத்திய ஆயிரக்கணக்கான பெண்கள் இருந்தும், "தகுதியான பெண் வேட்பாளர் கிடைக்கவில்லை" என்று கட்சிகள் சொல்கின்றன. அவர்கள் தேடியது எங்கே? நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு தரும் 106-ஆவது திருத்தம் 2023-இல் நிறைவேறியது. நிறைவேற்றிய சட்டத்திலேயே, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறை என்று எழுதி வைத்தார்கள். சட்டம் நடைமுறைக்கு வரட்டும் என்று கட்சிகள் காத்திருக்க வேண்டியதில்லை. வேட்பாளர் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்குக் கொடுக்க எந்தத் திருத்தமும் தேவையில்லை.

என் மனத்தை அதிகம் வருத்துவது, தேர்தலே நடக்காமல் போவது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழங்குடியினருக்கான ஒதுக்கீட்டைச் சரியாகச் செய்யாததைச் சுட்டித்தான் வழக்கு. அந்தக் குறையைத் திருத்தி உடனே தேர்தல் வைத்திருக்க வேண்டும். ஆனால் 27 மாவட்டங்களின் ஊரகத் தேர்தலே 2019 டிசம்பரில்தான் நடந்தது. மற்ற ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர், நகரங்களுக்கு 2022 பிப்ரவரி. இடையில் ஊர்களை நடத்தியவர்கள் தனி அலுவலர்கள். பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் திருத்திய அதே 2016-இலிருந்து மூன்றாண்டுக்கு மேல் ஊராட்சியில் ஒரு பெண்கூட இல்லை, ஓர் ஆணும் இல்லை. 2025 ஜனவரி 5-இல் அந்த 27 மாவட்டங்களின் பதவிக்காலம் முடிந்தபோது மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

இதனால் எல்லோருக்கும்தானே இழப்பு என்று கேட்கலாம். ஒரே அளவில் இல்லை. ஆண் அரசியல்வாதிக்குக் கட்சி இருக்கிறது, கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, கோயில் கமிட்டி இருக்கிறது, ஒப்பந்த வேலை இருக்கிறது. தேர்தல் இல்லாத ஆண்டுகளிலும் அவர் ஊரில் பெரிய மனிதராகவே இருப்பார். முன்னாள் தலைவரம்மாவுக்கு இவை எதுவும் இல்லை. அவருக்கு இருந்த ஒரே பொது இடம் ஊராட்சி அலுவலகம். அதைப் பூட்டினால் அவர் அடுப்படிக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிவைக்கும் ஒவ்வோர் அரசும், எந்தக் கட்சி அரசானாலும், முதலில் பெண்ணின் இடத்தைத்தான் பறிக்கிறது. இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், தேர்தல் தாமதத்தை நாம் நிர்வாகச் சிக்கல் என்று மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். பெண்ணுரிமைப் பிரச்சினையாக அதைப் பேசுகிறவர்கள் மிகக் குறைவு.

தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி இருப்பதன் பலனுக்கு மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி சாட்சி. 2024 நவம்பரில் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. அப்போது அந்த ஊரின் தலைவர், முதிய வயதில் 2020-இல் பதவிக்கு வந்த ஒரு பெண்மணி. சுற்றுவட்டார ஊர்கள் கிராம சபைகளில் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். சட்டமன்றமும் டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்தத் தீர்மானங்கள் எழுதப்பட்ட சில வாரங்களிலேயே ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்துவிட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். சுரங்கச் செய்தி இரண்டு மாதம் தள்ளி வந்திருந்தால், அங்கே தலைவர் இருக்கையில் ஓர் அலுவலர் இருந்திருப்பார். அரசை எதிர்த்துத் தீர்மானம் எழுத அரசு அலுவலரால் முடியுமா?

மாணவிகளே, சட்டமன்றத்துக்குப் போட்டியிட 25 வயது ஆக வேண்டும். ஊராட்சிக்கு 21 போதும். 2021-இல் தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டியில் தலைவராக வென்றவர், உங்கள் வயதில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண். இந்த அரங்கில் இருக்கும் இறுதியாண்டு மாணவிகள் பலருக்கு வரப்போகும் தேர்தலில் நிற்கும் தகுதி இருக்கும். அதற்கு முன் செய்ய வேண்டியவை சில. உங்கள் ஊர் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த சபைக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மானத்தை எழுதி முடித்து, கூட்டத்தில் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போடாதீர்கள்.

2019 தேர்தலில் ஊராட்சித் தலைவர் பதவிக்கு வேட்புமனு வைப்புத்தொகை 600 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 300. வார்டு உறுப்பினருக்கு 200, 100. அறிவிப்பு வரும் நாளில் உங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். பொது வார்டாக இருந்தாலும் மனுவை வாங்கி, உங்கள் பெயரை எழுதுங்கள்.